ஐந்தாம் மாசத்து நோன்பு

உப்புப் போடாத பச்சரிசி மாவு, பானைக்குள் வைக்கோல் மேலே வெந்து வரும்போது ஒரு மணம் எழும்பும். புதுமழை விழுந்த வயல் வழியாக நடந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. நான் இப்போது நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாடி வீடு, நல்ல காற்று. ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் மூக்கு அந்த மணத்தைத்தான் தேடும். கூடவே செங்கல் பொடியின் மணத்தையும் தேடும். இரண்டும் எனக்குள் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிப் போயிற்று.

ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம், மலை விலகிக் காற்றுக்கு வழிவிட்ட இடத்தில் நாங்கள் வேலை பார்த்த செங்கல் சூளை இருந்தது. ஆடியில் அங்கே நின்று பேசினால் பேச்சு நம் காதில் விழாது, பணகுடிக்காரன் காதில்தான் விழும் என்று கூட வேலை பார்த்த நேசம்மாள் சொல்லுவாள். சுற்றிலும் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் ஓயாமல் சுற்றும். காற்று, சுடாத பச்சைக்கல்லைக் காயவைக்கும், அது நல்லது. அதே காற்று மேற்கேயிருந்து சாரலையும் அள்ளிக்கொண்டு வந்து போடும். சாரல் பட்டால் பச்சைக்கல் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அதனால் "சாரல்!" என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும், சோற்றுக் கையோடு எழுந்து ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடுவோம். நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்தால்தான் தார்ப்பாய் தரையில் நிற்கும். நான் அப்போது நல்ல ஒல்லி.

"பகவதி உக்காந்தா தார்ப்பாய் அவளையும் தூக்கிட்டுப் போயிரும். உலகம்மை மைனியை உக்காரச் சொல்லுங்க" என்று ராஜி கத்துவாள்.

உலகம்மை சிரிக்காமல் வந்து உட்காருவாள். தார்ப்பாயும் அடங்கும், நாங்களும் அடங்குவோம். அப்படி ஒரு ஆள் அவள். நாங்களெல்லாம் ஒரு நடைக்குப் பத்துக் கல் சுமந்தால் அவள் பன்னிரண்டு சுமப்பாள். கழுத்து ஆடாது. கூட்டத்தில் யாருக்குச் சண்டை வந்தாலும் அவள் சொல்வதுதான் முடிவு. நோன்புக்கும் அவள்தான் தலைமை.

ஔவையார் நோன்பு என்று சொன்னால் நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்பது மட்டும் தெரியும். மற்ற இடங்களில் ஆண்கள் தூங்கினபிறகு ராத்திரியில் வைப்பார்கள். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ராத்திரி விழித்தால் காலையில் கல்லோடு தலை சுற்றும். அதனால் உலகம்மையின் மாமியார் காலத்திலேயே பகலுக்கு மாற்றிவிட்டார்கள். ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்குப் பெண்களுக்கு வேலை நிற்கும். சூளைக்காரர் பதினொன்றரைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நோன்புக் கொழுக்கட்டையைப் பார்த்த ஆணுக்குக் கண் போய்விடும் என்று அவருடைய அம்மை சின்ன வயதில் சொல்லிவைத்திருந்தாளாம்.

பழைய ஓலைக் கொட்டகையைப் பெருக்கி, சாணம் மெழுகி, குத்துவிளக்கு வைத்து, மாவு பிசைந்து உட்காருவோம். என்னென்ன உருவம் பிடிப்போம் என்பதை இங்கே எழுத மாட்டேன். உலகம்மை சொல்லும் கதையையும் எழுத மாட்டேன். அது எழுத்துக்கு உள்ளது இல்லை. விளக்கு கொளுத்தினபிறகு அவரவர் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு கதை. கதை முடிந்து குலவை போடுகிறவரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. மிச்சம் வைக்காமல் அங்கேயே தின்று முடிக்க வேண்டும். கைக்குழந்தை ஆனாலும் ஆண் உள்ளே வரக்கூடாது. கர்ப்பிணியும் வரக்கூடாது. வயிற்றில் கிடப்பது ஆணாக இருந்துவிட்டால்?

வாசலுக்குக் காவல் நேசம்மாள். அவள் சபைக்காரி, நோன்புக்கு உள்ளே வரமாட்டாள். நாங்களும் கூப்பிட்டதில்லை. ஆனால் செவ்வாய் தவறாமல் ஒரு புளியங்கம்பை எடுத்துக்கொண்டு அடுக்கின கல்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். தெருநாய் வந்தால்கூட, "ஏலே, நீ ஆம்பளைதானே, போலே அந்தால" என்று விரட்டுவாள். கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டில் முறுக்குச் சுற்ற நாங்கள் போவோம். அதற்கு இது.

உலகம்மையின் வீட்டுக்காரர் குலசேகரனுக்கு மட்டும் இந்த நோன்பில் ஒரு குறை உண்டு. குத்தகைக்கு வாழை போட்டிருந்தவர். காற்றில் சாய்ந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தே ஆடி முழுக்கக் கழிந்துவிடும். சாயங்காலம் எங்களைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சுவார்.

"முப்பத்தஞ்சு வருஷமா மணத்தை மட்டும் மோந்துகிட்டு இருக்கேன். ஒரு கொழுக்கட்டை, ஒரே ஒரு கொழுக்கட்டை. கண்ணை மூடிக்கிட்டுத் தின்னுகேன்."

"உப்பு கிடையாது வேய். ஒம்ம நாக்குக்கு ஆகாது" என்பாள் உலகம்மை.

அவர்களுக்கு ஒரே மகன், நிதின். காற்றாடிக் கம்பெனியில் மேலே ஏறிப் பழுது பார்க்கிற வேலை. காற்று அடிக்கிற மாசங்களில் லீவு கிடையாது. அவனுக்குக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஆதிராவைக் கட்டினார்கள். படித்த பெண். ஜெராக்ஸ் கடை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். பேசினால் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். எங்களுக்கு அவளைப் பேசவைத்துக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளுக்கு இரண்டு தடவை கரு நின்று கலைந்தது. ஒன்று மூன்றாம் மாசம், மற்றது நாலாம் மாசம். இரண்டாவது தடவைக்குப் பிறகு உலகம்மை அவளை நோன்புக்குக் கூட்டி வந்தாள். அவளுக்கு அது முதல் நோன்பு. விளக்கு கொளுத்தி வேண்டுதல் சொல்ல ஆரம்பித்தோம். ராஜி மகனுக்கு வேலை கேட்டாள். நான் முட்டு வலிக்குக் கேட்டேன். ஆதிராவின் முறை வந்தது. அவள் கையைக் கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.

"அம்மே, எனக்க வயித்துல ஒரு புள்ள நின்னா, அடுத்த ஆடிக்கு அந்த வயித்தோட வந்து இங்கின இருந்து மாவு பிடிக்கேன்."

கர்ப்பிணி வரக்கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தை இல்லை என்று அழுகிறவளிடம் அதைப் போய் எப்படிச் சொல்லுவது என்று உலகம்மையும் விட்டிருக்கிறாள். இப்போது தடுக்கவும் முடியாது, விளக்கு எரிகிறது. உலகம்மை மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதையைத் தொடங்கினாள். அன்றைக்குக் கதையில் இரண்டு இடத்தில் அவளுக்கு நாக்குத் தட்டியது.

மறு ஆடி வந்தபோது ஆதிராவுக்கு ஐந்தாம் மாசம்.

முதல் செவ்வாய் அவள் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. உலகம்மை விடவில்லை. சூளையில் கல் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"அவ சாப்பிடுகது இல்ல பகவதி. ரெண்டு வாய் கஞ்சி, பின்ன கூரை மோட்டைப் பாத்துகிட்டு கெடக்கா. நேந்ததைச் செய்யாம இருந்தா இதுவும் போயிரும் மாமின்னு சொல்லுகா."

"பொறந்தபெறகு செய்யலாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நான் அப்படியா நேந்தேன்னு கேக்கா. அஞ்சாம் மாசம் ஆச்சு, இன்னும் புள்ள அனங்கலை, ஒரு அசைவு கிடையாது. டாக்டர் சில பேருக்குப் பையத்தான் தெரியும்னாரு. இவ நம்பமாட்டேங்கா. அம்மன் கோவத்துலதான் அனங்காம கெடக்குன்னு ஒரே அழுகை."

"அப்போ கூட்டிட்டு வா மைனி."

"கூட்டிட்டு வந்து, உள்ள கெடக்கது ஆம்பளையா இருந்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? செய்யாட்டாலும் போயிரும்னு அவ பயப்படுகா. செய்தா போயிருமோன்னு நான் பயப்படுகேன்."

சொல்லிவிட்டுச் சுமாட்டைத் தலையில் வைத்தாள். பன்னிரண்டு கல். அன்றைக்குத்தான் அவள் கழுத்து ஆடிப் பார்த்தேன்.

அந்த வாரம் ஆதிராவுக்கு ஸ்கேன். நாகர்கோவிலில் ஒரு இடத்துக்குப் போனோம். உலகம்மைக்கு எழுத்து தெரியாது, அதனால் என்னையும் கூப்பிட்டாள். நானும் நாற்பதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டினேன், மெதுவாகத்தான் வரும். ஆதிராவை உள்ளே அழைத்துப் போனார்கள். உலகம்மை நர்ஸ் பெண்ணின் பின்னாலேயே போய், காதோடு ஏதோ கேட்டாள். அந்தப் பெண் சுர்ரென்று திரும்பினாள்.

"ஏம்மா, செவுத்துல போர்டு வச்சிருக்கே, படிக்கலியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது மக்கா. இவ படிப்பா. ஏட்டி பகவதி, படி."

நான் படித்தேன். எனக்கு எழுத்து கூட்ட வாய்விட்டுத்தான் வரும். "கரு-வில் இருக்-கும் குழந்-தை ஆணா பெண்-ணா எனக் கூறு-வது சட்-டப்படிக் குற்-றம்" என்று படித்து முடித்தபோது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"ஆம்பளப் புள்ள வேணும்னு இப்படித்தான் வந்து நிப்பீங்க. பொண்ணுன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் நர்ஸ்.

உலகம்மைக்கு முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, அப்படி இல்ல மக்கா. பொண்ணாத்தான் இருக்கணும். பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லிரு, நான் செவ்வாக்கெழமை தைரியமாக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"செவ்வாக்கிழமை எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

உலகம்மை வாயைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். நர்ஸுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. உள்ளே போய் டாக்டரையே கூட்டி வந்துவிட்டாள். நல்லவேளை, டாக்டரும் பெண். உலகம்மையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, குழந்தைக்கு இதயத்துடிப்பு நல்லா இருக்கு. ஆணோ பெண்ணோ, உங்க மருமகளுக்கு எடை போதாது. கவலைப்படுறதை விட்டுட்டுச் சாப்பிடச் சொல்லுங்க. இப்படியே போனா புள்ளைக்குத்தான் கேடு."

திரும்பி வரும் பஸ்ஸில் ஆதிரா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். உலகம்மை முந்தானையால் அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சுமாடு மாதிரி வைத்துக் கையால் பிடித்துக்கொண்டாள். வெள்ளமடம் தாண்டும்போது சொன்னாள்.

"நான் ராஜிகிட்ட கேக்கணும் பகவதி."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சூளையில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னே ராஜிக்கு வயிற்றில் ஆறு மாசம். வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். நோன்புக்கு எல்லாரோடும் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அம்மை கிடையாது, முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. உலகம்மை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ராஜி, நீ வெளிய போ" என்றாள். ராஜி எழுந்து போனாள். அன்றைக்கு நல்ல சாரல். பச்சைக்கல் அடுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் ஓரத்தில் நனைந்தபடி நின்றாள். நேசம்மாள்தான் தன் குடையை அவளுக்குப் பிடித்திருக்கிறாள். கொழுக்கட்டை வேகிற மணம் வெளியே வந்ததும் ராஜி அழுதாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரி, பசித்திருக்கும். ஒரு கொழுக்கட்டைகூட வெளியே கொடுக்க முறையில்லை.

பிறந்தது ஆண். அந்த ஆதர்ஷ் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ராஜி மறு வருஷமே நோன்புக்கு வந்தாள், அதன்பிறகு ஒரு செவ்வாயும் தவறவிட்டதில்லை. சிரிப்பாள், உலகம்மையைக் கேலி செய்வாள். ஆனால் வேண்டுதல் சொல்லும்போது மட்டும் உலகம்மையின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நாங்கள் போனபோது ராஜி முற்றத்தில் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாளைமீன் குழம்பு கொதிக்கிற மணம்.

"வாங்க மைனி. என்ன, காத்து இந்தப் பக்கமாத் திரும்பிட்டா?"

உலகம்மை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "ஆதிரா காரியம்."

"கேள்விப்பட்டேன். ஸ்கேன்ல போய் போலீஸ் வரைக்கும் போக இருந்தீங்களாமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அதுக்கு என்கிட்ட எதுக்கு வரணும்? நீங்கதானே எல்லாம் சொல்லுக ஆளு."

"இதுல நான் சொல்லப்பிடாது. நீ சொல்லு. நீ வரட்டும்னா வரட்டும். வேண்டாம்னா, நான் அவளை அவ அம்மை வீட்டுக்கு அனுப்பிருகேன்."

ராஜி ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்துச் சட்டியில் போட்டாள்.

"ஆதர்ஷ் பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. நீங்க சொன்ன மொத வார்த்த நெனவு இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

உலகம்மை தரையைப் பார்த்தாள். "பாத்தியா, ஆம்பளைதான்னு சொன்னேன்."

"புள்ள எப்படி இருக்குன்னு கேக்கல. எனக்கு எப்படி இருக்குன்னு கேக்கல. நீங்க சொன்னது சரியாப் போச்சுல்லா, அந்தச் சந்தோஷம் ஒங்க மொகத்துல. நான் அதைத்தான் பாத்தேன் மைனி. வெளிய நிக்கவச்சதுகூட எனக்குப் பெருசு இல்ல."

அடுப்பில் குழம்பு பொங்கியது. ராஜி ஓடிப்போய் மூடியைத் தள்ளினாள். திரும்பி வரவில்லை. உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"செவ்வாக்கெழமை பாப்போம். பகவதி, போகும்போது ரெண்டு கெழங்கு எடுத்துட்டுப் போ. ஆதிராவுக்கு அவிச்சுக் குடு, அவ ஊர்ப் பண்டம்லா."

கடைசிச் செவ்வாய். காலையிலிருந்தே காற்று பிய்த்து எறிந்தது. கொட்டகை ஓலை பறந்துவிடாமல் மேலே கயிறு போட்டுக் கல்லைக் கட்டினோம். பத்து மணிக்கெல்லாம் சாரலும் தொடங்கிவிட்டது. ஆதிராவை நான்தான் ஆட்டோவில் கூட்டி வந்தேன். வருவதா வேண்டாமா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை உடுத்திப் புறப்பட்டு நின்றாள்.

"உள்ள விடலைன்னா?" என்று கேட்டேன்.

"வாசல்ல நிக்கேன் சித்தி. வந்தேன்னு அம்மனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

வந்து நின்றாள். நின்ற இடம் அதேதான், பச்சைக்கல் அடுக்குப் பக்கம், தார்ப்பாய் ஓரம். அவளுக்கு அது தெரியாது. நேசம்மாள் கல்மேலிருந்து இறங்கிக் குடையை விரித்து அவளுக்குப் பிடித்தாள். கொட்டகைக்குள் எல்லாரும் மாவு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கில் திரி போட்டாகிவிட்டது, கொளுத்தவில்லை. உலகம்மை தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ராஜியைப் பார்த்தாள். நோன்பு விளக்குக்கு முன்னால் முதல் தடவையாக ராஜியும் அவளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள்.

ஆதிராவுக்கு முன்னால் போய் நின்றாள். சாரலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, அங்கின நிக்காதே. அது எனக்க எடம்."

ஆதிராவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேசம்மாளுக்குப் புரிந்தது. அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, கொட்டகைக்குள் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"இந்தா பாருங்க, நான் ஒங்க காரியத்துல தலையிடப்பிடாது. ஆனா முப்பது வருஷமாக் காவல் இருக்கேன், ஒண்ணு கேக்கேன். ஆம்பளை பாக்கப்பிடாது, அதுதானே ஒங்க சட்டம்? அப்போ உள்ள கெடக்கதுக்குக் கண்ணைக் கட்டிருங்க. கண்ணாமூச்சி வெளையாட்டுல கட்டுகோம்லா, அது மாதிரி."

உள்ளே சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன். ராஜி சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்தாள். செம்மண் ஏறிய, சுமாடு சுருட்டிச் சுருட்டி நூல் தேய்ந்த தோர்த்து. ஒரு உதறு உதறினாள். ஆதிராவின் வயிற்றைச் சுற்றிச் சேலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, இடுப்பில் முடிச்சுப் போட்டாள்.

"இறுகுகா?"

"இல்ல."

"வா."

வாசலில் வந்ததும் உலகம்மை கேட்டாள். "கண்ணு சரி. பின்ன கதை? காது இருக்குல்லா?"

"அதுக்கு எனக்க கை இருக்கு" என்றாள் ராஜி.

விளக்கு எரிந்தது. நாங்கள் யாரும் வேண்டுதல் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே வேண்டுதல், அதை எதற்குத் தனித்தனியாகச் சொல்லுவது? ஆதிரா மாவு பிடித்தாள். முதலில் பிடித்த உருவத்தை விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு, அழுதபடியே அடுத்ததைப் பிடித்தாள். பானை அடுப்பில் ஏறியது. காற்று ஓலை இடுக்கு வழியாக வந்து சுடரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. நாங்கள் நெருக்கி உட்கார்ந்து முதுகால் மறைத்தோம்.

உலகம்மை கதையைத் தொடங்கியதும் ராஜி ஆதிராவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் பொத்தினாள். ராஜியின் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் தின்ற விரல். ரேஷன் கடை மெஷினில் அவள் ரேகை விழாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரர் அட்டையைத் தூக்கிப் போடுவார். அந்த விரல்களோடு, கதை முடிகிறவரை அசையாமல் இருந்தாள்.

கதை பாதியில் இருக்கும்போது ராஜியின் முகம் மாறியது. கண் அகலமாகத் திறந்தது. ஆதிரா சட்டென்று குனிந்து அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். வாய் திறக்கக் கூடாது. ராஜியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. உலகம்மை அதைப் பார்த்துவிட்டாள். என்ன நடந்தது என்று தெரியாமல் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கதையை நிறுத்த முடியாது. ஒவ்வொரு வார்த்தையாக, கல்லை இறக்கி வைக்கிற மாதிரி, சொல்லிச் சொல்லி முடித்தாள். நாங்கள் குலவை போட்டோம்.

குலவை அடங்கியதும் உலகம்மை பாய்ந்து வந்தாள். "என்னட்டி? என்ன ஆச்சு?"

"அனங்கிச்சு மைனி" என்றாள் ராஜி. "கதை நடுவுல. எனக்க வலது கையில ஒண்ணு. பெறகு இன்னொண்ணு. மீனு வாலை அடிச்ச மாதிரி."

"எனக்கும் தெரிஞ்சு மாமி" என்றாள் ஆதிரா. "நெசமாட்டு தெரிஞ்சு."

உலகம்மை அப்படியே முட்டுக் குத்தி உட்கார்ந்தாள். விளக்கடியிலிருந்து குங்குமத்தை எடுத்து அந்தத் தோர்த்தின் மேலேயே, வயிற்றுக்கு நேராக வைத்தாள். "அம்மை உள்ளே வந்து இருக்கா. நான் வெளிய தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு மருமகளின் வயிற்றுக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். மெழுகின தரையின் பச்சை அவள் நெற்றியில் ஒட்டியது. ஆதிரா பதறி எழப் பார்த்தாள்.

"ஏட்டி, இரு, அனங்காத. ஒன்னையா கும்பிடுகா?" என்றாள் ராஜி.

நாங்கள் ஒவ்வொருவராக விழுந்தோம். எனக்கு முட்டு வலி, விழுந்தால் எழ ஆள் வேண்டும். அன்றைக்கு எப்படி விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. உலகம்மை ராஜியின் கையைத் தொட்டாள்.

"கையை எடு ராஜி. கதை முடிஞ்சாச்சு."

"எடுக்க மாட்டேன். நீங்க மறந்தாப்பில இன்னொரு கதை தொடங்கிருவீங்க."

அதற்கு உலகம்மை சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. ஓலை பறக்கிற மாதிரி சிரித்தாள். ஆதிரா அன்றைக்கு ஏழு கொழுக்கட்டை தின்றாள். எட்டாவதை ராஜி பிய்த்து அவள் வாயில் வைத்தாள்.

சாயங்காலம் குலசேகரன் வாழைக் கம்போடு வழியில் நின்றார். மருமகள் இடுப்பில் செம்மண் தோர்த்தைப் பார்த்தார், அதில் குங்குமத்தைப் பார்த்தார்.

"என்ன நடந்து?"

"ஒண்ணும் நடக்கல. பேயாம இரும்" என்றாள் உலகம்மை.

மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னே ஆதிராவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்ல மழை. நாங்கள் சூளையிலிருந்து அப்படியே ஓடினோம், காலில் மண்கூடக் கழுவவில்லை. நேசம்மாள் ஒரு பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்திருந்தாள். நிதின் சுவரில் சாய்ந்து நின்றான். முன்னூறு அடி உயரத்தில் தொங்குகிற பையன், சுவரை விட்டுக் கையை எடுக்கவில்லை. மூன்று மணிக்குக் கதவு திறந்து நர்ஸ் துணிச்சுருளோடு வந்தாள்.

"ஆதிரா வீட்டு ஆளுங்க யாரு?"

குலசேகரன் முன்னால் போனார். "என்ன புள்ள?"

உலகம்மை அவரைக் கையால் பின்னே தள்ளினாள். "ஆதிரா எப்படி இருக்கா மக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காங்க."

"புள்ள அழுதுதா?"

"நல்லா அழுதுது."

உலகம்மை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கவும் இல்லை. திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ராஜியைப் பார்த்து, "நீ வாங்கு" என்றாள்.

ராஜி கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கினாள். ஓரமாகப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். பிள்ளை அப்போதுதான் வீரிட்டது. அவள் அதை முட்டில் கிடத்தி, ரேகை இல்லாத இரண்டு கையாலும் அதன் இரண்டு காதையும் மெல்லப் பொத்திக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"மைனி" என்றாள், "இவன் ஒண்ணும் கேக்கல. நான் நல்லாப் பொத்தியிருந்தேன்."